குக்ரி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

நேபாளத்தின் மலைக்கிராமங்களில் விறகு பிளப்பதற்கும், மாட்டுக்குத் தழை ஒடிப்பதற்கும், மூங்கில் வகிர்வதற்கும், தசைன் பண்டிகை வந்தால் ஆட்டை வெட்டுவதற்கும் ஒரே வீட்டில் ஒரே கருவியாகப் பயன்பட்டு வருகின்ற குக்ரி, 1814-இல் தொடங்கி 1816-இல் சுகௌலி உடன்படிக்கையோடு முடிந்த ஆங்கிலேய நேபாள யுத்தத்திற்குப் பின்னர், கூர்க்காப் படைவீரர்களின் இடுப்பில் ஏறி உலகெங்கும் பிரசித்தி பெற்றது. அந்தப் பிரசித்தியே இன்று வாங்குவோருக்குப் பெரிய இடையூறாக நிற்கிறது. 1897-இல் வெளிவந்த 'டிராகுலா' நாவலில் அந்தப் பிசாசுப் பிரபுவின் கழுத்தில் பாய்வதும் குக்ரிதான் என்றால், அதன் பெயரைச் சுற்றி எத்தனை கற்பனை வளர்ந்திருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். கற்பனைக்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பதற்கு ஆள் இருக்கும் வரையில், பித்தளைச் சிங்கமுகமும் கண்ணாடி போன்ற மெருகும் உடைய போலிக் கத்திகள் கடைகளில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

ஆகையால் கடைக்குப் போகுமுன் வாங்குகிறவர் தமக்குத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நலம்: காட்டிலும் தோட்டத்திலும் கூடாரத்தருகிலும் கொண்டு உழைக்கவா, அல்லது பெட்டியில் வைத்துப் போற்றவா? இரண்டு நோக்கங்களும் ஒரே கத்தியில் நிறைவேறும் என்று எண்ணி வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் நிறைவேறுவதில்லை. உழைக்கும் கத்திக்கு வேண்டியது சரியான துவைச்சலும் அசையாத பிடியும். சேகரிக்கும் கத்திக்கு வேண்டியது சரித்திரம். அலங்காரம் இவ்விரண்டில் எதற்கும் தேவையில்லை என்பது என் துணிபு.

குக்ரியின் குணமெல்லாம் அதன் வளைவில் இருக்கிறது. பிடியிலிருந்து சிறிது தூரம் நேராக வந்து, பிறகு முன்னோக்கிக் கீழே வளைந்து, வளைவுக்கு அப்பால் அகன்று, மறுபடியும் நுனியில் ஒடுங்குகின்ற அந்த அலகில் கனத்தின் பெரும்பகுதி முன்புறத்தில் தங்குவதால், வீசும்போது கையின் பலத்தைக் காட்டிலும் இரும்பின் பாரமே அதிகமாக வேலை செய்கிறது. அன்றியும், வாய் மரத்தின்மேல் தட்டையாக மோதாமல் சாய்ந்து விழுவதால் வெட்டோடு அறுப்பும் சேர்ந்துகொள்கிறது. நம்மூர் அரிவாளைப் பிடித்துப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் முதல் வீச்சிலேயே புலப்படும்: அரிவாளின் வாய் உட்புறம் வளைந்து கிளையைப் பற்றுகிறது, குக்ரியின் வாயோ வளைவுக்குப் பிறகு வெளிப்புறமாகப் புடைத்து மரத்துக்குள் புகுகிறது. தழை கழிப்பதற்கு அரிவாளே மேல் என்று நான் சொல்லுவேன். கட்டை பிளப்பதற்கும், கணுவோடு கூடிய கிளையைத் துண்டிப்பதற்கும், சிறிய கோடரியின் இடத்தில் நிற்பதற்கும் குக்ரிக்கு நிகர் இல்லை.

பிடியை ஒட்டி வாயில் வெட்டப்பட்டிருக்கும் சிறிய பள்ளத்தைக் குறித்துக் கடைக்காரர்கள் சொல்லும் கதைகள் பல. பசுவின் குளம்பு என்பர் ஒரு சாரார். சிவபெருமானின் திரிசூலம் என்பர் மற்றொரு சாரார். இரத்தம் பிடிக்கு வழியாமல் தடுப்பது என்பாரும் உளர். எந்தக் கதையை நம்பினாலும் கத்தியின் உழைப்பு கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை. உறையிலிருந்து உருவிய குக்ரி இரத்தம் காணாமல் உறைக்குத் திரும்பலாகாது என்ற புளுகு மட்டும் சிறிதும் மதிக்கத்தக்கதன்று. தினந்தோறும் காய்கறி நறுக்குகின்ற கத்திக்கு அப்படி ஒரு விரதம் எவ்வாறு சாத்தியமாகும்?

வகைகளின் பெயர்களைத் தெரிந்துகொள்வது விற்பவரோடு பேசுவதற்கு உதவும். 'சிறுபாத்தே' என்பது சிறு என்னும் புல்லின் இலையைப் போல் ஒடுங்கி நீண்ட அலகு உடையது. கைக்கு இலேசாகவும் கண்ணுக்கு அழகாகவும் இருக்கும், ஆனால் தடித்த கட்டையை அது மெதுவாகவே தின்னும். கிழக்கு நேபாளத்துப் போஜ்பூரின் பெயரால் வழங்கும் 'போஜ்பூரே' வயிறு அகன்று கனத்தது. 'அங்க்கோலா' என்பதில் முதுகின் வளைவையொட்டி அலகில் ஒரு பள்ளம் ஓடும். பிளக்கும் வேலைக்கென்றே பிறந்தது. 'சிர்ரா' எனப்படும் நீண்ட வரிப்பள்ளங்கள் உடையவை பாரத்தைக் குறைக்கின்றன, ஆயினும் அவற்றை ஒழுங்காக அடிப்பதற்குத் திறமையும் நேரமும் செலவாவதால் விலை ஏறும். குறைந்த விலையில் நல்ல கத்தி வேண்டுவோர் பள்ளமும் சித்திரமும் இல்லாத சாதாரணமான அலகையே கேட்க வேண்டும். அதில் கொல்லர் ஒளிப்பதற்கு இடமில்லை.

அலகின் நீளம் 10 அங்குலம் அல்லது அதற்குச் சற்று மேல், முழுநீளம் 15 முதல் 16 அங்குலம், கனம் 500 முதல் 700 கிராம் வரை: சாமானியமான உடற்கட்டு உடைய ஒருவர் காட்டில் எடுத்துச்செல்வதற்கு இந்த அளவே போதும். முதுகின் தடிப்பு 10 மில்லிமீட்டரை எட்டுகின்ற பெருங்கத்திகளைக் கண்டு மயங்குவது புதியவர்களின் சுபாவம். கடையில் இரண்டு தடவை வீசிப் பார்க்கும்போது அந்தப் பாரம் வீரம் போலத் தோன்றும். அரைமணி நேரம் விறகு வெட்டினால் அது மணிக்கட்டில் வலியாக மாறும்.

இனி எஃகைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கொடுக்கும் பணமெல்லாம் இங்கேதான் நியாயமாகிறது அல்லது வீணாகிறது. நேபாளத்தின் கொல்லர்கள், அதாவது காமி என்றும் விசுவகர்மா என்றும் வழங்கப்பெறுவோர், இக்காலத்தில் பெரும்பாலும் பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி உலையிலிட்டுக் குக்ரி அடிக்கின்றனர். இதைக் கேட்டு முகம் சுளிப்போர் உண்டு, சுளிக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகள் பாரம் சுமந்து வளைந்து நிமிர்ந்தும் முறியாதிருக்க வேண்டும் என்பதற்காகவே தயாரிக்கப்படும் அந்த எஃகு, மரத்தின்மேல் ஓயாமல் மோத வேண்டிய கத்திக்கு மிகவும் உகந்தது. அவர்களுடைய சாமர்த்தியம் எஃகில் அல்ல, துவைச்சலில் விளங்குகிறது. சிவக்கக் காய்ந்த அலகு முழுவதையும் நீரில் அமிழ்த்தாமல், ஒரு கெண்டியிலிருந்து வாயின் ஓரமாக மட்டும் நீரை ஊற்றிக்கொண்டே போய், நிறம் மாறுவதைக் கண்ணாலேயே கணித்து, வாய் கடினப்பட்டு முதுகு மென்மையாகவே நிற்கும்படி செய்கிறார்கள். கடினமான வாய் கூரைத் தாங்குகிறது. மென்மையான முதுகு அடியின் அதிர்ச்சியைத் தாங்குகிறது. அலகு முழுவதும் ஒரே கடினமாயிருந்தால் குளிர்ந்த காலையில் ஒரு கணுவில் பட்டு முறிந்தாலும் ஆச்சரியமில்லை. முழுவதும் மென்மையாயிருந்தால் வாய் ஓலையைப் போல மடிந்துவிடும்.

இந்தத் துவைச்சலைச் சோதிப்பதற்குக் கையில் ஒரு சிறிய புதிய அரம் இருந்தால் போதும். விற்பவரின் அனுமதி பெற்று, முதுகில் ஒரு முறையும் வாயில் ஒரு முறையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதுகில் அரம் தாராளமாகப் பற்ற வேண்டும். வாயில் வழுக்க வேண்டும், அல்லது மிக அரிதாகவே பற்ற வேண்டும். வாயின் எல்லா இடமும் ஒரே கடினமாய் இருக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. வெட்டு விழுகின்ற வயிற்றுப் பகுதி மிகக் கடினமாகவும், நுனியும் பிடியருகும் சிறிது மென்மையாகவும் இருப்பது அந்நாட்டு வழக்கமே. அரத்துக்கு அனுமதி கிடைக்காவிட்டால், வாங்கி வந்த பிறகு முதல் வாரத்திலேயே காய்ந்த கடினமான கட்டையொன்றில் சிறிது நேரம் வெட்டி, வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நல்ல வாய் வெளிச்சத்தைத் திருப்பாது. மடிந்த இடம் வெள்ளிக் கோடு போல மின்னும். சிறிய மடிப்பு அரத்தாலும் கல்லாலும் தீரும் தோஷம். பெரிய மடிப்போ, மயிரிழை போன்ற வெடிப்போ தென்பட்டால் கத்தியைத் திருப்பிக் கொடுப்பதே உத்தமம். திருப்பி வாங்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லுகிற வியாபாரியிடம் முதலிலேயே வாங்காதிருப்பது அதனினும் உத்தமம்.

அலகு முழுவதும் பளபளக்கும்படி முலாம் பூசப்பட்ட குக்ரியைச் சுவரில் மாட்டலாம். காத்மாண்டுவின் தமேல் வீதியிலும் டார்ஜிலிங்கின் கடைத்தெருவிலும் சுற்றுலாப் பயணிகளுக்காகக் குவிந்து கிடக்கும் கத்திகளில் இத்தகையவை ஏராளம். அவற்றை வாங்குவது பாவமன்று. விறகருகே கொண்டு போவதுதான் பாவம்.

பிடிக்கு எருமைக்கொம்பும் மரமும் வழக்கம். கொம்பு பார்வைக்கு மிக அழகானது. ஆனால் வறண்ட காற்றில் வெடிக்கும், ஈரமான கையில் வழுக்கும், பூச்சியும் அரிக்கும். உழைப்புக்கு மரமே சிறந்தது, ஈட்டியோ சிசுவோ எதுவாயினும் சரி. அலகின் அடிப்பகுதி பிடிக்குள் எவ்வாறு சென்றிருக்கிறது என்பதில் இரு முறைகள் உண்டு. எலிவாலைப் போல ஒடுங்கிய கம்பி பிடியின் உள்ளே ஓடிக் கீழ்ப்பூணில் அடித்து மடக்கப்பட்டிருப்பது பழைய முறை. பிடியின் அகலம் முழுவதும் இரும்பே நின்று, இருபுறமும் மரத்துண்டுகள் ஆணியால் பொருத்தப்பட்டிருப்பது 'பனாவால்' எனப்படும் முறை. பின்னதே பலமானது என்று பலரும் சொல்லுவார்கள். அது உண்மைதான், எனினும் அதிர்ச்சி கைக்கு நேரே வந்து சேர்வதும், பிடி கனத்து முன்பாரம் சற்றே குறைவதும் அதனுடைய குறைகள். நன்றாக மடக்கப்பட்ட எலிவாலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கம்பி பாதி தூரத்திலேயே முடிந்து, வெறும் அரக்கின் பிடிப்பில் நிற்கின்றவற்றைத்தான் விலக்க வேண்டும். கீழ்ப்பூணில் கம்பியின் தலை தெரிகிறதா என்று பார்ப்பது அதற்கு எளிய வழி.

அந்த அரக்கை நேபாளத்தார் 'லாஹா' என்பர். உருக்கி ஊற்றினால் இறுகி நிற்பது, மறுபடியும் சூடேறினால் இளகுவது. ஆகையால் குக்ரியை மூடிய காரின் உள்ளேயோ, வெயில் படும் ஜன்னலோரத்திலோ, அடுப்பருகிலோ வைத்தலாகாது. வாங்கும்போது கத்தியைக் காதருகே பிடித்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே எதுவாவது குலுங்கினால் அரக்கு நிரம்பவில்லை என்று அர்த்தம். பூணுக்கும் மரத்துக்கும் நடுவில் நகம் நுழையும்படி இடைவெளி இருந்தாலும், முதுகின் வழியே ஒரு கண்ணை மூடிப் பார்க்கையில் அலகு பிடியின் நேர்கோட்டிலிருந்து விலகிப் போனாலும், விலை எவ்வளவு மலிவாயிருப்பினும் வேண்டாம். பிடியின் நடுவில் உயர்ந்து நிற்கும் மரபான வளையம் சிலருடைய உள்ளங்கையைப் புண்ணாக்கும். பெரிய கை உடையவர்கள் வளையம் இல்லாத பிடியைக் கேட்டு வாங்கலாம்.

உறை மரத்தாலாகி எருமைத்தோல் போர்த்தது. அதில் இரண்டு சிறு கத்திகள் செருகியிருக்கும். கூருள்ள 'கர்தா' சில்லறை வேலைகளுக்கு. கூரில்லாத 'சக்மக்' வாயை நீவிச் சரிப்படுத்துவதற்கும் சக்கிமுக்கிக் கல்லில் தட்டித் தீயெழுப்புவதற்கும். மலிவான கத்திகளில் இவ்விரண்டும் பெயருக்கே இருக்கும். அதற்காக வருந்த வேண்டாம். ஆனால் உறையைப் பிடிக்கும் விதத்தில் மட்டும் அலட்சியம் ஆகாது. கத்தியை உருவும்போது உறையைச் சுற்றி விரல்களை மடக்கிப் பிடித்தால், வாய் உறையின் தையலைப் பிளந்துகொண்டு விரல்களின்மேல் வரக்கூடும். உறையின் முதுகுப்புறத்தைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே பற்றி, அலகின் முதுகு உறையின் முதுகின்மேல் உராயும்படி மெதுவாக உருவ வேண்டும். கூர்க்கா வீரருக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம் இது. கத்தியை வாங்கி வீட்டுக்கு வந்தவுடன் நண்பர்களுக்குக் காட்டுகின்ற உற்சாகத்தில்தான் பலரும் இதை மறக்கிறார்கள்.

கையால் அடித்த நேபாளக் குக்ரி, அலங்காரம் இல்லாததாயின், அமெரிக்க நாணயத்தில் சுமார் 100 டாலர் அளவில் கிடைக்கக்கூடியது. அதுவும் அதிகம் என்போருக்கு ஆலைகளில் தகடாக வெட்டிச் செய்யப்படும் குக்ரி வடிவத்து வெட்டுக்கத்திகள் உண்டு. கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் வெட்டுக்கத்தி 1055 என்னும் கார்பன் எஃகில் 13 அங்குல அலகும் 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்பும் உடையது. கேபார் நிறுவனத்தினது 1085 எஃகில் 11.5 அங்குல அலகு உடையது, சற்றுத் தடித்தது. புதரும் கொடியும் இளங்கிளையும் கழிப்பதற்கு இவை நேபாளக் கத்தியைக் காட்டிலும் இலேசானவை, விரைவானவை, தொலைந்தால் மனம் துன்புறாதவை. ஆனால் மெல்லிய தகடு கட்டையைப் பிளக்காது, அதில் சிக்கிக்கொள்ளும். மேலும் இவற்றைச் சேகரிப்பாகக் கருதுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

சேகரிப்போரின் உலகம் வேறு. காத்மாண்டுவின் சௌனியிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில், 1559-இல் கூர்க்கா நாட்டின் அரியணை ஏறிய திரவ்ய ஷாவினுடையது என்று சொல்லப்படும் குக்ரி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பழமையை விலை கொடுத்து வாங்க எவராலும் முடியாது. மிதமான பொருள் உடையவர்களுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, இரு உலக யுத்தங்களின்போது பிரிட்டிஷ் இந்தியப் படைகளுக்காக இந்தியாவிலேயே செய்விக்கப்பட்ட இராணுவக் குக்ரிகள். இவற்றில் ஆண்டும், செய்தவரின் குறியும், பரிசோதகரின் முத்திரையும் அலகில் பதிந்திருப்பதுண்டு. அந்த எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்ற ஒரு மங்கிய கத்தி, எழுத்துகள் தேய்ந்த ஒரு பளபளப்பான கத்தியைவிட மதிப்புடையது. மற்றொன்று, நேபாள அரசின் பழைய ஆயுதக் களஞ்சியத்திலிருந்து வந்தவை. 2003-ஆம் ஆண்டில் அந்தக் களஞ்சியத்தின் சரக்கை இரண்டு அமெரிக்க வியாபார நிறுவனங்கள் வாங்கிக்கொண்டு சென்று விற்றதன் பயனாக, ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளோடு, நேபாளப் படைகள் தாங்கிய நீண்ட இலை வடிவக் குக்ரிகளும் அகன்ற போஜ்பூரேக் குக்ரிகளும் சந்தைக்கு வந்தன. தூசியும் பழைய கொழுப்பும் அப்பிய அக்கத்திகளைச் சுத்தம் செய்து பார்க்கையில், சிலவற்றின் முதுகில் தேவநாகரி எழுத்துகள் வெளிப்படுகின்ற தருணமே சேகரிப்போனுடைய உண்மையான இன்பம். அழகான வெள்ளி வேலைப்பாடுடைய 'கோத்திமோரா' உறைகளும் உண்டு. அவை படை அதிகாரிகளுக்குக் கௌரவமாக வழங்கப்பட்டவை, பண்டைய அசல் ஒன்று மலிவாகக் கிடைக்கிறதென்று எவராவது சொன்னால் பேச்சை வேறு விஷயத்துக்குத் திருப்பிவிடலாம்.

போலிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புதிய கத்தியை அமிலத்தில் நனைத்துத் துருவேற்றி, பொய்யான ஆண்டையும் முத்திரையையும் அடித்து விற்பது பழகிப்போன தந்திரம். உண்மையான பழமையில் தேய்வு கைபட்ட இடங்களில் மிகுந்தும், மறைந்த மூலைகளில் குறைந்தும் இருக்கும். பொய்யான பழமையிலோ எல்லா இடமும் ஒரே மாதிரி கறுத்திருக்கும். முத்திரையின் ஓரங்கள் கூர்மையாகவும் சுற்றியுள்ள இரும்பு அரிக்கப்பட்டும் இருந்தால், முத்திரை பின்னால் வந்தது என்று அறியலாம். பழைய குக்ரியை வாங்கிய பின் சாணைச் சக்கரத்தில் கொடுத்து மெருகேற்றுகிறவர்கள் தாம் விலை கொடுத்து வாங்கிய சரித்திரத்தைத் தாமே துடைத்தெறிகிறார்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைத்தால் போதும். கறுமையை அப்படியே விடலாம்.

பராமரிப்பைச் சுருங்கச் சொல்லலாம். உழைக்கும் கத்தியைத் துடைத்து, கடுகெண்ணெயோ இயந்திர எண்ணெயோ மெல்லியதாகப் பூச வேண்டும். நீண்ட காலம் தோலுறைக்குள் வைத்தலாகாது, தோல் ஈரத்தைப் பிடித்து அலகை அரிக்கும், கடற்கரை ஊர்களில் இது மிகவும் விரைவாக நடக்கும். கூர் தீட்டும்போது வாயின் இருபுறமும் உருண்டு நிற்கும் வடிவத்தைக் கெடுக்கலாகாது. ரப்பர் விரிப்பின்மேல் உப்புத்தாளை வைத்து, வாய் பின்னால் இழுபடும்படி தேய்ப்பது எளிது. சாணைக்காரரிடம் கொடுத்தால் சூட்டில் துவைச்சலே போய்விடும்.

கடைசியாகச் சட்டம். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உடைய அலகுகளை, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ ஆக்கப்பட்டவை நீங்கலாக, ஆயுத வரிசையில் வைக்கின்றன; அந்த வரிசையில் குக்ரியின் பெயரே வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. உரிமம் தேவைப்படுவது அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில்தான் என்றாலும், உங்கள் ஊரின் நிலை என்னவென்று வாங்குமுன் காவல் நிலையத்திலோ மாவட்ட அலுவலகத்திலோ விசாரித்துக்கொள்ளுங்கள். 10 அங்குலக் கத்தியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு கடைவீதியில் நடப்பதற்கு எந்த ஊரிலும் மதிப்புக் கிடைக்காது. விமானத்தில் கைப்பையில் அது கூடவே கூடாது. கையிருப்புக் கொஞ்சமாக உள்ளவருக்கு நான் சொல்லுவது இதுவே: சித்திரமில்லாத 10 அங்குல அலகும், மரப்பிடியும், கீழ்ப்பூணில் தலை தெரியும் கம்பியும் உடைய ஒன்றை வாங்குங்கள், மிச்சப் பணத்தில் ஓர் அரமும் ஒரு புட்டி எண்ணெயும் வாங்கி வையுங்கள்.